நீலம் என்று நம்பிய ஏழு படங்கள்

கேஸை மூடினோமா என்ற சந்தேகம் குமுதவல்லிக்கு நான்காவது தடவையாக வந்தது. மூடியாயிற்று, குமிழைத் திருப்பியது விரலில் அப்படியே இருக்கிறது, ஆனால் அது இன்று காலை திருப்பியதா நேற்றுத் திருப்பியதா என்று விரலுக்கு எப்படித் தெரியும், விரல் தினமும் ஒரே மாதிரிதான் திருப்புகிறது. சரி, கேஸ் போகட்டும். பின்பக்கத்துக் கதவு? அதைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு இழுத்துக்கூடப் பார்த்தாள். பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். சொட்டு மருந்து இருந்தது, ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது, சர்க்கரை மாத்திரை இருந்தது, பசித்தால் தின்ன நான்கு பிஸ்கட் இருந்தது. எல்லாம் இருந்தும் எதையோ விட்டுவிட்டு வந்த மாதிரியே இருந்தது. பக்கத்து இரும்பு நாற்காலியில் தணிகாசலம் வலக்கண்ணில் பஞ்சும் பிளாஸ்திரியுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நேற்று ஆபரேஷன், இன்று காலை கட்டுப் பிரிக்கிறார்கள். இடது கண்ணுக்கு அடுத்த மாதம், அதில் இப்போதைக்கு வெறும் புகை. இன்னும் ஐந்து பேர். அந்த ஐந்து பேரும் உள்ளே போய்த் திரும்பியதும் இவரைக் கூப்பிடுவார்கள், கட்டைப் பிரிப்பார்கள், மூன்று வருஷத்துக்கு அப்புறம் இவர் கண் உலகத்தைத் தெளிவாகப் பார்க்கும். பார்த்ததும் நேரே வீட்டுக்குப் போய் மாடியறையில் விட வேண்டும், வழியில் காப்பிக்குக்கூட நிற்கக் கூடாது என்று ஆட்டோவில் வரும்போதே சொல்லிவிட்டார். மாடியறையில் சுவரோரமாக ஏழு படங்கள் நிற்கின்றன. ஏழும் நீலம் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். ஏழில் ஒன்றில்கூட ஒரு சொட்டு நீலம் கிடையாது. அது குமுதவல்லிக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அந்த வண்ணத்தை அவர் கையில் எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்.

தரையை இப்போதுதான் பினாயில் போட்டுத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பாதி காய்ந்தும் பாதி காயாமலும் இருந்த இடத்தில் ஜன்னல் வெளிச்சம் விழுந்து, ஈரத்தின் ஓரம் கோணல்மாணலாக நகர்ந்துகொண்டிருந்தது. கண் சரியாக இருந்தால் இவர் இந்நேரம் குனிந்து அதைத்தான் படம் பிடித்துக்கொண்டிருப்பார், நடக்கிறவர்கள் எல்லாரும் ஒதுங்கிப் போக வேண்டியிருக்கும், நான் வெட்கத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருப்பேன் என்று நினைத்தவள், அந்த ஈரத்தின் ஓரத்தைத் தானே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு சட்டென்று கண்ணை எடுத்தாள். முப்பத்தோரு வருஷம் ஒருத்தரோடு இருந்தால் அவர் பார்க்கிற மாதிரியே பார்க்க வந்துவிடும் போலிருக்கிறது. கல்யாணமான புதிதில் அவர் அவளுக்கு முதலில் காட்டியது ஒரு கட்டு கறுப்புவெள்ளைப் புகைப்படங்கள். குடியாத்தத்திலிருந்து அவள் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கிய மூன்றாம் நாள். தொல்லியல் துறையில் போட்டோ எடுக்கிற உத்தியோகம் என்று சொல்லியிருந்தார்கள், அதனால் கோயில் கோபுரமும் சிற்பமும் இருக்கும் என்று ஆசையாகக் கையில் வாங்கினாள். எல்லாம் கல். ஒரு முகம் இல்லை, ஒரு மரம் இல்லை, வெறும் கல். கல்வெட்டைப் படம் எடுக்கத்தான் துறை அவரை ஊர் ஊராக அனுப்பியது, இவரோ எழுத்தை ஒரு படம் எடுத்துத் துறைக்குக் கொடுத்துவிட்டு, எழுத்து இல்லாத இடத்தை இன்னொரு படம் எடுத்துத் தனக்கு வைத்துக்கொண்டார். ஒரு தடவை கட்டு மாறிப்போய்த் தனக்கு வைத்திருந்ததை ஆபீசில் கொடுத்துவிட்டார். எழுத்து எங்கே என்று கேட்டு மெமோ வந்தது. அந்த மெமோவை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார், எனக்குக் கிடைத்த முதல் விமர்சனம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அந்தக் கல்லையே பெரிதாக்கிப் பெரிதாக்கி, கல் என்பதே தெரியாமல் போகும்வரை பெரிதாக்கி, அதைச் சுவரில் ஒட்டி, அதைப் பார்த்து வண்ணம் போடுவார். போட்டு முடித்ததைப் படம் எடுப்பார், அதில் ஒரு உள்ளங்கை அளவை மட்டும் பெரிதாக்கி, அதைப் பார்த்து அடுத்த படம். எங்கே ஆரம்பித்தது என்று அவருக்கே மறந்துபோன பிறகுதான் படம் நன்றாக வரும் என்பார். பேப்பரில் அரூப ஓவியர் என்று போட்டார்கள். எழும்பூர் ஓவியக் கல்லூரியில் அவரோடு படித்தவர்கள் வந்து மொட்டை மாடியில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசுவார்கள். டீ டம்ளர்களோடு கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கும் சொல்ல ஏதோ இருக்கும், நாக்கு நுனிவரை வரும். உள்ளே போனதும் சர்க்கரை போதுமா என்பதுதான் வாயில் வரும்.

இந்த ஓட்டத்தைப் பக்கத்தில் இருந்த ஒரு கிழவி கலைத்தாள். பொன்னேரிப் பக்கமாம், பேர் பச்சையம்மாளாம், மகன் டீ குடிக்கப் போயிருக்கிறானாம், போனவன் டீத்தூள் விளையட்டும் என்று காத்திருக்கிறானோ என்னவோ என்று கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னாள். அவளுக்கும் வலக்கண்ணில்தான் பஞ்சு. இந்த வரிசையில் எல்லாருக்கும் வலக்கண்தான், ஒரே பள்ளிக்கூடத்துச் சீருடை மாதிரி. தணிகாசலத்தின் பக்கம் தலையைச் சாய்த்து, ஐயா என்ன வேலை பார்த்தீர்கள் என்று விசாரித்தாள். படம் போடுகிறேன் என்றார் அவர். சாமி படமா சினிமாப் படமா என்றாள். இரண்டும் இல்லை, சும்மா படம் என்றார்.

“சும்மா யாராச்சும் படம் போடுவாங்களா? நீ சொல்லும்மா, உன் வூட்டுக்காரு என்னாதான் போடறாரு?”

குமுதவல்லி வாயைத் திறந்தாள். முப்பத்தோரு வருஷத்தில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. என்ன போடுகிறார்? மழை நின்ற பிறகு சுவரில் இருப்பது மாதிரி ஒன்று. தூங்கி எழுந்ததும் கனவு போய்விட்டு, கனவின் நிறம் மட்டும் நிற்குமே, அது மாதிரி. இதையெல்லாம் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து ஒரு பொன்னேரிக் கிழவியிடம் எப்படிச் சொல்வது? வண்ணம் அடிப்பார் என்று மட்டும் சொன்னாள்.

“அப்பிடிச் சொல்லு. பெயிண்டு அடிக்கிற வேல. என் தம்பியும் அதான், சாரம் கட்டி மூணு மாடி அடிப்பான்” என்றாள் பச்சையம்மாள்.

தணிகாசலம் தோள் குலுங்கச் சிரித்தார். அந்தப் பக்கமாகப் போன சிஸ்டர், ஐயா சிரிக்காதீங்க, இருமாதீங்க, கண்ணுக்கு அழுத்தம் கொடுக்கக் கூடாதுன்னு நேத்தே சொன்னேன் என்று அதட்டிவிட்டுப் போனாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குமுதவல்லியின் பக்கம் கையை நீட்டித் துழாவி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சந்தோஷமாக இருக்கிறார். இவ்வளவு சந்தோஷமாக இவர் இருந்து எத்தனை நாளாயிற்று. இந்தக் கை இன்னும் ஒரு மணி நேரத்தில் என்ன செய்யும்? அடிக்கிற மனுஷர் இல்லை, திட்டக்கூட மாட்டார். பேசாமல் இருந்துவிடுவார். பேசாமல் இருப்பது அவருக்குக் கை வந்தது, ஒரு தடவை ஆனி மாதம் முழுக்கப் பேசாமல் இருந்தார், எதற்கென்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் புகை மாதிரி ஒன்று கண்ணில் இறங்கியபோது, நல்லதுதான், வேண்டாததெல்லாம் மறைந்துவிடுகிறது, இதற்குத்தானே நாற்பது வருஷமாகப் பாடுபட்டேன் என்று சொல்லிக்கொண்டு ஆபரேஷனைத் தள்ளினார். பயம், வேறென்ன. பிறகு ஒரு நாள் டியூபின் மேல் எழுதியிருப்பது தெரியவில்லை. குமுதா, கொஞ்சம் மேலே வா என்று கூப்பிட்டார். இருபத்தெட்டு வருஷமாக அவர் வேலை செய்யும்போது அந்த அறைக்குள் அவள் கால் வைத்ததில்லை, கதவு வரைக்கும்தான் டீ. அன்றைக்கு உள்ளே போனாள். டர்பன்டைன் வாசனை மூக்கில் ஏறியது. மேஜையில் ஐம்பது அறுபது டியூப், எல்லாம் நசுங்கி, மடங்கி, மேலே வண்ணம் அப்பி, எழுத்தே தெரியாமல். ஏழாவதோடு நின்றவள், இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் படிப்பாள், அந்த எழுத்தும் இல்லையென்றால் என்ன செய்வது? அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். மூடியைத் திறந்து பார்த்து, அந்தந்த நிறத்தில் தையல் நூல் எடுத்து ஒவ்வொரு டியூபின் கழுத்திலும் கட்டினாள். சிவப்புக்குச் சிவப்பு நூல், மஞ்சளுக்கு மஞ்சள், நீலத்துக்கு நீலம். அவர் பேரைச் சொல்லிக் கேட்பார், அவள் எடுத்துக் கொடுப்பாள். பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை. அதற்காக ஒன்பது மணிக்கெல்லாம் சமையலை முடித்து, முகம் கழுவி, வேறு புடவை மாற்றிக்கொண்டு மாடி ஏறுவாள். எதற்குப் புடவை மாற்றினோம், அவருக்குத்தான் தெரியாதே என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வந்தது. தெரியாதுதான். ஆனால் பக்கத்தில் ஆள் நிற்பது தெரியும். அவள் தோளைத் தொட்டு, கொடு என்பார், நூலைப் பார்த்து எடுத்து உள்ளங்கையில் வைப்பாள், விரல் பட்டுவிட்டுப் போகும். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளிலிருந்து அவள் எதற்காக ஏங்கினாளோ அது இந்த மூன்று மணி நேரம்தான் என்று அவளுக்கு மெதுவாகத்தான் விளங்கியது. அதனால்தான் ஓசூரிலிருந்து மகள் தேன்மொழி போன் செய்து எப்போதம்மா ஆபரேஷன் என்று கேட்கும்போதெல்லாம், பொங்கல் போகட்டும், வெயில் குறையட்டும், சர்க்கரை இறங்கட்டும் என்று இவளும் தள்ளினாளோ? இல்லை, சர்க்கரை நிஜமாகவே ஏறித்தான் இருந்தது. இருந்தது, ஆனால் அவ்வளவு இல்லை. ஒரு மனுஷனைக் குருடாக வைத்துக்கொண்டு சுகப்பட்டேனா நான்? கண் முன்னால் தரையின் ஈரம் முழுக்கக் காய்ந்துவிட்டிருந்தது.

நூல் எத்தனை நாளைக்குத் தாங்கும்? எண்ணெயும் வண்ணமும் ஏறி ஏறி எல்லா நூலும் கறுத்துப்போயிற்று. போன ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை வானம் மூடிக்கிடந்தது. இரண்டு வருஷமாக ஒரு படமும் சரியாக வராமல் அவர் ஒவ்வொன்றையும் சுரண்டிச் சுரண்டித் தூக்கிப்போட்டுக்கொண்டிருந்த சமயம். பிரஷ்யன் புளூ கொடு என்றார். கறுத்த நூலாக மூன்று டியூப் கிடந்தன. மூடியைத் திறந்து பார்த்தாள், மூன்றும் உள்ளே கறுப்பாகத்தான் தெரிந்தன. அந்த மாதிரி அடர்ந்த வண்ணங்கள் டியூபுக்குள் இருக்கும்வரை எல்லாம் ஒன்றுதான், எண்ணெய் விட்டு இளக்கினால்தான் நீலம் நீலமாகும், பழுப்பு பழுப்பாகும். ம், என்ன தேடுற என்று அவர் அவசரப்படுத்த, நடுவில் இருந்ததை எடுத்துக் கொடுத்தாள். அவர் பிதுக்கி, டர்பன்டைனை நிறைய விட்டுக் கலக்கி, சாய்த்து வைத்த கேன்வாஸில் மேலிருந்து ஊற்றி ஓட விட்டார். ஆக்சா பிளேடால் குறுக்கே இழுத்தார். நிறம் விரிந்தது. விரிந்த இடத்தில் நீலம் இல்லை, பழுப்பு. அவள் ஐயோ என்று சொல்ல வாயெடுத்தபோது அவர் பிளேடைக் கீழே போட்டுவிட்டு இரண்டடி பின்னால் வந்தார். வந்துடுச்சு குமுதா என்றார். தேன்மொழி பிறந்தபோதுகூட அப்படி ஒரு குரலை அவரிடமிருந்து அவள் கேட்டதில்லை. செஞ்சிப் பக்கம் ஒரு பாறை, சின்ன வயதில் கல்வெட்டு எடுக்கப் போன இடம், மழை இறங்குவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் அந்தப் பாறையின் மேல் ஒரு நீலம் வந்து நின்றது, கையில் இருந்ததோ கறுப்புவெள்ளைப் பிலிம், எடுத்தேன், கழுவிப் பார்த்தால் வெறும் சாம்பல், அன்றைக்குப் போன நீலம் இன்றைக்குத்தான் வந்தது என்றார். சரியா இருக்கா, நீலம் போதுமா என்று கேட்டார். ஆமாங்க என்றாள். ஒரே ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், கண் இமைக்கிற நேரம். அதற்குப் பிறகு ஆறு படம். அந்த டியூப் தீர்ந்ததும் காலி டியூபைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய், இதே வேண்டும் என்று கடைக்காரரிடம் காட்டினாள். அவர் நகத்தால் சுரண்டிப் படித்து, பர்ன்ட் அம்பரா என்றார். அதுதான் என்றாள். முதல் படம் கை தவறியது. மற்ற ஆறும் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்த பொய்.

யாராவது அவரிடம் சொல்லியிருக்கலாம். கேலரிக்காரர் வந்து ஏழையும் பார்த்துவிட்டு, சார், மண் வாசனை அடிக்குது சார் என்று கண் கலங்கினார். அவரை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்து தணிகாசலம் கட்டிலில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார். நீலத்தைப் பார்த்து மண் என்கிறான், இவன் கையில் கொடுத்துத்தான் நான் உலகத்துக்குக் காட்ட வேண்டியிருக்கிறது என்றார். அப்போது சொல்லியிருக்கலாம். பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்தாள், சின்னப் பெண், கையில் நோட்டு. நீலத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார், அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, பிறகு குமுதவல்லியைப் பார்த்தது. குமுதவல்லி தரையைப் பார்த்துக்கொண்டு, காப்பி ஆறுதும்மா என்றாள். அந்தப் பெண் வீட்டுக்குப் போய், பெரியவர் தத்துவமாகப் பேசினார் என்று எழுதிவிட்டது. அப்போதும் சொல்லியிருக்கலாம். கம்பெனியில் மாற்றி அடைத்துவிட்டான் என்று இப்போதுகூடச் சொல்லலாமே? இந்தக் காலத்தில் எல்லாவற்றிலும் கலப்படம்தானே? அந்தக் கம்பெனிக்காரன் சாபம் வேறு எனக்குச் சேரும். இல்லை, கண் தெரிந்ததும் அவர் டியூபைச் சுரண்டிப் பேரைப் படித்துவிடுவார். படம் வெயிலில் நிறம் மாறிவிட்டது என்றால்? மாடியறை ஜன்னலுக்குத் திரை போட்டதே அவர்தான். ஒவ்வொரு பொய்யாக எடுத்து விரித்துப் பார்த்து மறுபடி மடித்து வைத்தாள், எதுவும் உடம்புக்குப் பொருந்துகிற மாதிரி இல்லை.

உள்ளேயிருந்து கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் வெளியே வந்தார். வந்தவர் நடைவழியின் நடுவில் நின்று, தன் கையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், குனிந்து தன் வேட்டியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கையைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவியிடம், இதையா இத்தினி நாளா வெள்ளைன்னு தொவச்சுக் குடுத்த என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. பச்சையம்மாள் அடக்க முடியாமல் சிரித்துச் சிஸ்டரிடம் இன்னொரு அதட்டு வாங்கினாள். அந்தப் பெரியவரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை, கண் தெரியாதப்ப வாய் பேசாம இருந்தீங்க, அதுவே நல்லா இருந்துச்சு என்று இழுத்துக்கொண்டு போனாள். குமுதவல்லி தன் மணிக்கட்டைச் சுற்றியிருந்த அவர் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் எல்லாம் பழுப்பு. எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை, ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸ் பஞ்சு வைத்துத் தேய்த்தும் போகவில்லை. முதலில் அந்த நகத்தைத்தான் பார்ப்பார். மாடியறைவரை போகவே வேண்டாம், உள்ளே கட்டைப் பிரித்ததும் இந்த வெளிச்சத்தில் தன் விரல் நகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு வருவார். வெளியே வந்து அதற்கப்புறம் என் முகத்தைப் பார்ப்பார். இந்த மூன்று வருஷத்தில் முன் தலை முழுக்க நரைத்துவிட்டது, ஒரு கடைவாய்ப் பல் போய்க் கன்னம் ஒட்டிவிட்டது. ஆயிரக்கணக்கில் பிலிம் இருக்கிறது வீட்டில். அவர் ஊரில் இல்லாத நாட்களில் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அவள் தேடியிருக்கிறாள். அவள் பிழிந்து போட்ட புடவையின் முறுக்கு இருக்கிறது, சீப்பில் சிக்கிய அவள் முடி இருக்கிறது, மாவு படிந்த அவள் கை இருக்கிறது, ஒன்றில் காது இருக்கிறது. முகம் ஒன்றிலும் இல்லை. ஒரு தடவை வெட்கத்தை விட்டுக் கேட்டாள். முகம் கதை சொல்லிவிடும், எனக்குக் கதை வேண்டாம் என்றார். அவருக்கு அது கலை. அவளுக்கு அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. இன்றைக்கு அந்தக் கண் வேறு வழியில்லாமல் என் முகத்தில் வந்து விழும், விழுகிற நேரத்தில் அந்த முகத்தில் இருக்கப்போவது ஒரு திருடியின் முழி.

இன்னும் இரண்டு பேர். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். பார்த்துத் தெரிந்துகொள்வது ஒன்று, சொல்லித் தெரிந்துகொள்வது ஒன்று. பார்த்துத் தெரிந்துகொண்டால் அவர் தனியாகத் தெரிந்துகொள்வார், மாடியறையில், கதவைச் சாத்திக்கொண்டு, நான் மறுபடி கதவுக்குப் பின்னால் டம்ளரோடு நிற்பேன், சாகிறவரை. இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேஸை மூடினோமா என்று மனசு மறுபடி பழைய இடத்துக்கு ஓடப் பார்த்தது, அதைப் பிடித்து நிறுத்தினாள்.

“என்னங்க.”

“ம்.”

“அந்த ஏழு படம் நீலம் இல்லீங்க.”

அவர் திரும்பவில்லை. அவள் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரிந்து, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள், கறுத்துப்போன நூலை, நடுவில் இருந்த டியூபை, பஸ் ஏறிப் போனதை, கடைக்காரர் படித்த பேரை. தாழ்ந்த குரலில்தான் சொன்னாள், ஆனாலும் பச்சையம்மாள் வாயை மூடிக்கொண்டு கேட்டாள். சொல்லி முடிக்கும்போது மணிக்கட்டிலிருந்து அவர் கை போயிருந்தது. எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை. இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்து, படம் எடுக்கப்போகிற மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார். உள்ளே இருந்தவர் வெளியே வந்தார், கடைசி ஆள் உள்ளே போனார். எங்கோ ஒரு டிராலியின் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே போயிற்று.

“அப்ப அந்த கேலரிக்காரன் மண்ணுன்னது?”

“அவரு சரியாத்தாங்க சொன்னாரு.”

“மொத நாளே சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்க. என்னையும் கீழ போகச் சொல்லியிருப்பீங்க.”

அவர் தாடை அசைந்தது. பேசாமல் இருக்கிற அந்த ஆனி மாதம் ஆரம்பித்துவிட்டது என்று அவள் நினைத்தாள். ஆரம்பிக்கட்டும், எத்தனை மாதமோ ஆகட்டும். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை, காலில் செருப்பு இல்லாமல் நடந்து வீட்டுக்கு வந்து சேர்ந்த மாதிரி ஒரு களைப்புதான் வந்தது.

“என்ன நெறம்?” என்றார்.

“பர்ன்ட் அம்பர்னு...”

“டியூப்ல இருக்கற பேரக் கேக்கல. மூணு வருஷமா பாத்தவ நீதான். நான் பாக்கவே இல்ல. நீ என்ன பாத்த, அதச் சொல்லு.”

அவளுக்கு முதலில் கேள்வி புரியவில்லை. அவருக்கு முன்னால் படத்தைப் பற்றி எப்படிப் பேசுவது, அவர் நண்பர்கள் சொல்கிற வார்த்தை ஒன்றுகூட அவளிடம் இல்லை. கையை மடியில் கோத்துக்கொண்டாள்.

“பீடி இலைங்க” என்றாள். “எங்கம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சதும் நான் பள்ளிக்கூடத்த நிறுத்திட்டு இலை வெட்ட உக்காந்தேன். மொத நாளே இலையத் தண்ணில ஊறப்போட்டு, ஈரக் கோணில சுத்தி வெப்போம். காலைல அவுத்தா மேல இருக்கற இலை காஞ்சு செவப்பா இருக்கும். உள்ள போகப் போக நெறம் மாறும். நடுவுல இருக்கறது பழுப்புமில்ல, பச்சையுமில்ல, வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சா நரம்பு நரம்பா உள்ளேந்து ஒண்ணு எரியும். நான் தெனமும் ஒரு இலையத் தூக்கிப் பாப்பேன். நேரமாவுதுன்னு எங்கம்மா திட்டும். நீங்க பிளேட இழுத்தப்ப அது வந்துச்சு. எனக்கு அது ஒண்ணுதான் அழகா இருந்துச்சு அந்த வீட்ல, அத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. சொல்ற மாதிரியும் இல்ல. பீடி இலையில என்ன அழகு.”

அறைக்கதவு திறந்து, தணிகாசலம், வயசு எழுபத்தொன்று, வாங்க என்று சிஸ்டர் கூப்பிட்டாள். அவள் அனிச்சையாகப் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அவர் எழவில்லை. அடுத்தவங்கள அனுப்பும்மா, நான் அப்புறம் வரேன் என்றார். சிஸ்டர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, எல்லாரும் எப்போ எப்போன்னு பறக்கறாங்க, உங்களுக்கு என்ன ஐயா என்று முறைத்தாள். பச்சையம்மாள் அதற்குள் சேலையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள். மகன் இன்னும் வரவில்லை, வந்தால் டீ குடித்தது போதும் உள்ளே வா என்று சொல்லச் சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கதவு சாத்திக்கொண்டது.

“உக்காரு” என்றார் தணிகாசலம். “அது மொதப் படம். ரெண்டாவதுல நான் டர்பன்டைன் கம்மியா விட்டேன், கெட்டியா இருக்கும். மூணாவதச் சொல்லு.”

அவர் முகம் அவள் பக்கம் திரும்பியிருந்தது, ஒரு கண் கட்டோடும் ஒரு கண் புகையோடும். குமுதவல்லி உட்கார்ந்து பையைக் கீழே வைத்தாள். மூன்றாவது படத்தை இடது பக்கத்து மேல் மூலையிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.